முக்காலிக் காலில் பச்சை டேப்

மகனே,

போனில் நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். எழுதி அனுப்புகிறேன் என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். "ஒரு ஸ்கோப் வாங்கறதுக்கு லெட்டராம்மா? ஸ்ட்ரெய்ட்டா, ஆங்கிள்டான்னு வாட்ஸப்ல ஒரு வார்த்தை போடு" என்றாய். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம்தான். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் அனுப்பினால் நீ காரணம் கேட்பாய், நான் வேறு ஏதாவது காரணம் சொல்லிச் சமாளிப்பேன். இரண்டு வருடமாக அப்படித்தான் சமாளித்துவருகிறேன். இந்தக் கடிதத்தைச் சுகந்தியும் படிக்கட்டும். உங்கள் கல்யாணத்தன்று பழனிசெட்டிபட்டி மண்டபத்தில் நீ மைக்கில் பேசியதைக் கேட்ட உறவினர்கள் யார் கேட்டாலும் படிக்கக் கொடு. நீ எல்லாருக்கும் முன்னால் சொன்ன ஒன்றில் பிழை இருக்கிறது. அந்தப் பிழை என்னுடையது. திருத்தமும் எல்லாருக்கும் போய்ச்சேர வேண்டும்.

முதலில் நீ கேட்டதை முடித்துவிடுகிறேன். பறவை பார்க்க நல்ல ஸ்கோப்பே வாங்குவது என்று இரண்டு பேரும் தீர்மானித்துவிட்டீர்கள், சரி. முன்கண்ணாடி எண்பத்தைந்து மில்லிமீட்டர் இருக்கட்டும். அறுபத்தைந்து தூக்குவதற்கு லேசு, ஆனால் விடியும் நேரத்தில் வெளிச்சம் போதாது. வாத்துகள் அசையாமல் இருப்பதே அந்த அரைமணி நேரம்தான். தொண்ணூற்றைந்து வேண்டாம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு நாள் கரையில் நடந்தால் ஐந்தாம் நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாய். அறுபது மடங்கு பெரிதாகத் தெரியும் என்று போட்டிருப்பார்கள். நம் பக்கத்துக் கண்மாய்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும். நாற்பதைத் தாண்டினால் அந்த ஆட்டம்தான் பெரிதாகத் தெரியும், பறவை தெரியாது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வரப்போகும் உன் நண்பரிடம் சொல்: கடைக்குள் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வெளியே கொண்டுவந்து வெயிலில் நிற்கும் வெள்ளைப் பறவை எதையாவது பார்க்க வேண்டும். அதன் ஓரத்தில் ஊதா நூல் ஒட்டினாற்போல் தெரிந்தால் அந்தக் கண்ணாடிக்கு அவ்வளவு விலை தகாது. சுகந்தி கண்ணாடி போடுகிறவள். அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிற கண்வில்லை வேண்டும். முக்காலியில் மிச்சம் பிடிக்காதே. மட்டமான முக்காலிமேல் வைத்த உயர்ந்த ஸ்கோப்பை நம் ஆடிக் காற்றில் வைத்துப் பார்த்தால் உனக்கே புரியும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு வை. கண்ணாடியில் பூஞ்சை பிடித்தால் அதன்பிறகு எதுவும் செய்வதற்கில்லை.

இனி நீ வெள்ளிக்கிழமைக்குள் அவரிடம் சொல்ல வேண்டியது. கண்வில்லை குழலோடு ஒரே கோட்டில் இருக்கும் நேர்வகையா, மேல்நோக்கி மடங்கியிருக்கும் சாய்வகையா? "அப்பா வச்சிருந்த மாதிரியே ஸ்ட்ரெய்ட் வாங்கலாம்னு இருக்கேம்மா, அவர் ஞாபகமா இருக்கும்" என்றாய். வேண்டாம். சாய்வகையை வாங்கு. அப்பாவிடம் இருந்தது அப்பா விரும்பி வாங்கியது இல்லை. நான் சொல்லி வாங்கியது.

சுகந்திக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்து எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு முதலில் பறவை என்றாலே எதிரி. ஓடைப்பட்டித் தோட்டத்தில் திராட்சை பழுக்கிற நேரம் பார்த்துச் சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாகப் பந்தலில் வந்து விழும். இவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு பந்தலுக்கு அடியில் ஓடுவார். கல்யாணமான முதல் வருடம் நான் வரப்பில் நின்றுகொண்டு, "பேர்கூடத் தெரியாம விரட்டுறீங்களே" என்றேன். "பேரச் சொல்லிக் கூப்புட்டா திங்காமப் போயிருமா?" என்றார். ஆனால் மறுவாரம் மதுரைக்கு மருந்து வாங்கப் போனவர் ஒரு பறவைப் புத்தகத்தோடு வந்தார். ஆங்கிலப் புத்தகம். என் மடியில் போட்டு, "நீயே படிச்சுச் சொல்லு, சிஸ்டரம்மா" என்றார். மலைமேல் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது. கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

நீ கல்லூரிக்குப் போன பிறகு, நல்ல விளைச்சல் வந்த ஒரு வருடம், சென்னைக்குப் போய் ஸ்கோப் வாங்கினோம். கடைக்காரர் இரண்டு வகையையும் மேஜைமேல் வைத்தார். உன் அப்பா சாய்ந்திருந்ததில் கண்ணை வைத்துவிட்டு, "இது சொகமா இருக்கு புள்ள, கெணத்த எட்டிப் பாக்குற மாதிரி" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. "பறவை எதிர்ல இருக்கு, நீங்க தரையப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. இது என்ன பழக்கம்?" என்றேன். கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். உன் அப்பா ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு, நான் ஐந்தடி. "ரெண்டு பேர் சேர்ந்து பார்க்கறதுன்னா இதுதான் வசதி மேடம். ஹைட் வித்தியாசம் தெரியாது" என்றார். எந்தக் கடைக்காரரிடமும் நான் யோசனை கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. உன் அப்பா அந்த மனிதரைப் பார்த்து, "சிஸ்டரம்மா சொல்லிட்டாக. நேராவே குடுங்க" என்றார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, வீரபாண்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கண்மாயில் பறவைகளை எண்ணுவது எங்கள் வழக்கம். அவர் பார்ப்பார், நான் நோட்டில் எழுதுவேன். அதில் நான் ஒரு விதி வைத்திருந்தேன். அவர் பார்த்தால் மட்டும் போதாது, நானும் பார்த்தால்தான் எழுதுவேன். "கிளுவை வாத்து அறுவது" என்பார். நான் பேனாவை மூடி அவரிடம் கொடுத்துவிட்டு, ஸ்கோப்பில் கண் வைத்து, எண்ணி, அதன்பிறகே எழுதுவேன். அவர் பொய் சொல்வார் என்றில்லை. என் கண்ணில் படாததை என் கையால் எழுதுவதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் முக்காலியை எனக்காக இறக்கினால் பறவை பார்வையிலிருந்து நழுவிவிடும். அதனால் அவரே முக்காலியை என் உயரத்துக்கு நிறுத்திவிட்டு, காலை முழுவதும் குனிந்து நின்று பார்ப்பார். சாய்வகையாக இருந்திருந்தால் என் உயரத்துக்கு வைத்தாலும் அவர் தலையை மட்டும் கொஞ்சம் கவிழ்த்தால் போதும். நேர்வகையில் அப்படி முடியாது. கண் குழலின் மட்டத்துக்கு வந்தாக வேண்டும். பதினாறு வருடம் அவர் முழங்காலையும் இடுப்பையும் மடக்கி அந்த மட்டத்துக்கு வந்தார். நான் பின்னாலிருந்து, "கூன் போடாதீங்க, நிமிர்ந்து நில்லுங்க" என்பேன். எங்கள் கான்வென்டில் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஸ்கேலை விட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் சொன்னேன். எப்படி நிமிர முடியும் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

இனி நீ அறியாதது.

அவர் போவதற்கு முந்தைய கார்த்திகை. எண்ணிக்கொண்டிருந்தவர் நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "இங்கன என்னமோ கொத்துது புள்ள. நாலஞ்சு நாளா இருக்கு" என்றார். "குனிஞ்சே நின்னா கொத்தாம என்ன செய்யும்" என்றேன். மார்கழியில் பாதி எண்ணியதும், "வலி தாங்கல புள்ள" என்று கரையில் கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்த மாதம் தென்கரையை எண்ணாமலே திரும்பினோம். எனக்குக் கோபம். வழியில் பேசவில்லை. தை மாதம் ஸ்டாண்டை நிறுத்திக்கொண்டே, "ஒரு எட்டு தேனிக்குப் போயி டாக்டரப் பாத்துட்டு வந்துருவமா?" என்று கேட்டார். நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தானே சாப்பிடுறீங்க, நல்லாத்தானே நடக்கிறீங்க? எண்ணி முடிச்சுட்டுப் பேசுவோம்" என்றேன். எண்ணி முடித்தோம். அதன்பிறகு நானும் அதைப் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

இதெல்லாம் நினைவில் இருந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். குறிப்பு என்று கடைசியில் ஒரு கட்டம் போட்டிருப்பேன், காற்று, மேகம், தண்ணீர் மட்டம் எழுதுவதற்கு. கார்த்திகைக்கு நேராக, "அவருக்கு இடுப்பு வலி." மார்கழிக்கு நேராக, "தென்கரை விடுபட்டது. அவர் ஒத்துழைப்பு இல்லை." தைக்கு நேராக, "கணக்கு முழுமை." மூன்றும் என் கையெழுத்து. எழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

ஆவணியில் அவர் பந்தலுக்கு அடியில் விழுந்ததும், நீ பெங்களூரிலிருந்து ஓடிவந்ததும், மதுரை ஆஸ்பத்திரியும் உனக்குத் தெரியும். நீ வருவதற்கு முன்பு நடந்தது தெரியாது. புற்றுநோய் முதுகெலும்பில் பரவிவிட்டது என்று படத்தைக் காட்டிச் சொன்ன டாக்டர், "வலி எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். நான் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்து, "ஒரு பத்து நாளாத்தேன் சார்" என்றார். "அதுக்கு முன்னாடியே வலிச்சிருக்கணுமே?" "இல்ல சார்." டாக்டர் என் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இவர், "அவகளுக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார். கூட்டல் கணக்கில் ஒன்று தவறினாலும் பொறுக்காத நான் அப்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. நீயும் எனக்காகக் கேட்டு எதுவும் சொல்ல வேண்டாம்.

மறுநாள் நீ வந்து, "ஏம்ப்பா யார்கிட்டயும் சொல்லல?" என்று சத்தம் போட்டாய். அவர் சிரித்தார். "சொல்ற அளவுக்கு இல்லப்பா" என்றார். எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்யை நீ நம்பினாய். இரண்டு வருடம் கழித்து மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, "எங்கப்பா வலியைக்கூட யார்கிட்டயும் சொல்லாத மனுஷன். அவரை மாதிரி இருக்கணும்னுதான் ஆசை" என்றாய். கை தட்டினார்கள். முதல் வரிசையில் பக்கத்தில் இருந்த உன் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை எடுக்கவில்லை. மறுநாள் வீரபாண்டியில் கௌமாரியம்மன் சன்னதியில் நீங்கள் இரண்டு பேரும் மாலையோடு நிற்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கூட்டமாக இருந்தது. சொல்லவில்லை.

அவர் என்னிடம் சொன்னார். மூன்று முறை சொன்னார். அவரை மாதிரி இருக்க வேண்டும் என்றால் இதையும் தெரிந்துகொண்டு இரு. வலியை அவர் மறைக்கவில்லை. நீயும் மறைக்காதே. சுகந்தியிடம் சொல். அவள் உனக்குச் சொன்னால், அவள் முகத்தில் தெரிகிறதா, நடையில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதே. அன்றைக்கே வண்டியை எடு.

உனக்கு என்மேல் கோபம் வரலாம். வந்தால் நியாயம். மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. கேட்க வேண்டியவர் இல்லை. எனக்கு இந்த இரண்டு வருடமாக அழுகை வரவில்லை. அம்மா திடமானவள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது திடம் இல்லை. கால் மரத்துப்போனால் அதன்மேல் ஏதாவது விழுந்தாலும் தெரியாது, அந்த மாதிரி. இதை எழுதும்போது குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எண்ணாமல் விட்டிருக்கிறேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து இந்த வரியை எழுதுகிறேன்.

அவர் போய் முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஸ்கோப்பைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். முக்காலியின் மூன்று கால்களிலும், உள்கால் வெளியே வரும் இடத்தில், பச்சை எலக்ட்ரிக் டேப் சுற்றியிருந்தது. பதினாறு வருடம் அதைப் பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்டதில்லை. விரிசல் எதற்கோ சுற்றியிருக்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்குக் கால்களை டேப் வரைக்கும் இழுத்து நிறுத்திப் பார்த்தேன். கண்வில்லை சரியாக என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. இருட்டு பிரிவதற்குள் கண்மாய்க்குப் போய்ச் சட்டென்று என் உயரத்துக்கு வைப்பதற்காகச் சுற்றிய அடையாளம். அவருடைய உயரத்துக்கு டேப் இல்லை. அந்த உயரத்துக்கு ஒரு நாளும் வைத்ததில்லை.

அதற்குப் பிறகும் முதல் ஞாயிறுதோறும் கண்மாய்க்குப் போகிறேன். ஆட்டோ வைத்துக்கொள்கிறேன். டேப் வரைக்கும் கால்களை இழுத்து வைத்துப் பார்க்கிறேன். ஆனால் இரண்டு வருடமாக நோட்டில் தேதியும் வானிலையும் மட்டும்தான் இருக்கின்றன. இரண்டு பேர் பார்த்தால்தான் எழுதுவது என்ற விதியை வைத்தவள் நான். ஒருத்தி பார்த்ததை எப்படி எழுதுவது?

நீ போன் செய்த மறுநாள் ஞாயிறு. கண்மாய்க்குப் போனேன். என்ன தோன்றியது என்று தெரியவில்லை, கால்களை டேப்பைத் தாண்டி இழுத்தேன். பூட்டுகள் மண் ஏறி இறுகியிருந்தன, ஒவ்வொன்றாக நெம்பித் திறந்தேன். முழு உயரத்துக்கும் நிறுத்தியபோது கண்வில்லை என் நெற்றிக்கு மேலே இருந்தது. குழலை எதிர்க்கரை நாணல் பக்கமாகக் குத்துமதிப்பாகத் திருப்பிவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கும் ராசு, வலையை உதறுவதை விட்டுவிட்டு வந்தார். அவரும் நல்ல உயரம். "என்னத்தா, இம்புட்டு ஒசரத்துல தூக்கி வச்சிருக்கீக? ஏணி கொண்டாரவா?" என்றார்.

"நீங்க பாருங்க, ராசு."

"நான் மாட்டேம்ப்பா. ஐயா இருந்தப்ப ஒருக்கா குனிஞ்சு பாத்துட்டு ரெண்டு நா குறுக்கு நிமிரல. எப்பிடிய்யா இப்பிடியே நிக்கிறீகன்னு ஐயாகிட்டயே கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பழகிப்போச்சுடான்னாக. அதுக்கு மேல ஒண்ணுஞ் சொல்லல."

இப்போது குனிய வேண்டாம் என்று குழலின் உயரத்தைக் கையால் காட்டினேன். அவர் வந்து நின்றார். நேராக நின்றார், குனிய வேண்டியிருக்கவில்லை. தெளிவாகத் தெரிகிறவரை முன்னால் இருக்கும் வளையத்தைத் திருப்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் திருப்பிவிட்டு அசையாமல் நின்றார்.

"நாணலுக்கு இங்கிட்டு வெள்ளையா நிக்கிது ஆத்தா. மூக்கப் பாருங்க, தோசக் கரண்டி மாதிரியில்ல இருக்கு."

"எத்தனை?"

"மூணு. இருங்க... நாலு. நாலுதேன்." கண்ணை எடுத்துவிட்டு முக்காலியின் காலில் கை வைத்தார். "எறக்கி வைக்கவா, நீங்க பாக்க?"

"வேண்டாம்" என்றேன். நோட்டைத் திறந்து, அந்த ஞாயிறின் தேதிக்கு நேராக எழுதினேன். கரண்டிவாயன், நான்கு. குறிப்புக் கட்டத்தில், பார்த்தவர் ராசு என்று எழுதினேன். நான் பார்க்கவில்லை.

அம்மா